பொட்டலம் கட்டியது யார்?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில், வயலுக்கும் ஏரிக்கும் நடுவே திடீரென்று எழுந்து நிற்கும் கற்குன்று பெருமுக்கல். மேலே முக்தியாலீஸ்வரர் கோயிலும் சோழர் காலத்துக் கல்வெட்டுகளும், சீதை வந்து தங்கியதாக ஊரார் கதை சொல்லும் குகையும் இருக்கின்றன. கிழக்கே போகப் போக மண் வெளிறி, மரக்காணத்தை நெருங்கும்போது உப்புப் பாத்திகள் தொடங்கிவிடும். இந்த வட்டாரத்தில் ஒரு வீட்டுக்கு வரன் வந்தாலும், பக்கத்து நிலம் விலைக்கு வந்தாலும், பையனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்ட் முன்பணம் கேட்டாலும், பேச்சு ஓர் இடத்தில் முட்டி நிற்கும். அப்போது வீட்டுப் பெரியவர் யாராவது, "எதுக்கும் சாமிகிட்ட ஒரு உத்தரவு கேட்டுடுவோம்" என்பார். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது.

உத்தரவு கேட்கும் வழிகள் பல. பல்லி சொல்வதைக் கவனிப்பவர்கள் உண்டு. மேல்மலையனூருக்குப் போய்க் குறி கேட்பவர்கள் உண்டு. பரவலாக நடப்பது பூ கட்டிப் போட்டுப் பார்ப்பதுதான். சிவப்புக்கு ஓர் அரளி, வெள்ளைக்கு ஒரு நந்தியாவட்டை. இரண்டையும் ஒரே அளவு இலைத்துண்டில் மடித்து நூல் சுற்றுவார்கள். சில கோயில்களில் பூவுக்குப் பதில் விபூதியும் குங்குமமும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்றோ, நேர்மாறாகவோ முன்கூட்டியே மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். பூசாரி பொட்டலங்களைக் குலுக்கிச் சாமி முன்னால் போட்டு, தீபாராதனை காட்டி, விவரம் தெரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார். கட்டிய கை பழகிய கையாக இருந்தால் இரண்டு பொட்டலத்துக்கும் வெளியே வித்தியாசம் தெரியாது. பழகாத கை கட்டினால், தடித்தது எது என்று சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். அவர்கள் கண் போகும் திசையிலேயே குழந்தையின் கையும் போகும்.

சாமி பதில் சொல்கிறதா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. நம்புகிறவருக்கு அது வழக்கே இல்லை. நம்பாதவருக்கு எப்போதோ தீர்ப்பாகிவிட்ட வழக்கு. என் கவனமெல்லாம் அதற்கு முந்திய காரியத்தில் இருக்கிறது. பொட்டலத்தைக் கட்டியது யார், அதற்குள் எந்தெந்தப் பதிலை வைத்தார், எந்தப் பதிலை வைக்காமல் விட்டார் என்பதில். இந்த வழக்கத்தின் பெருமையும் சிறுமையும் அங்கேதான் தீர்மானமாகின்றன என்று நினைக்கிறேன்.

பெருமையை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். உப்பளத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்கு வானம்தான் முதலாளி. பாத்தி மிதித்து, கட்டிய நீர் வற்றி, உப்பு பூக்கும் நேரத்தில் ஒரு கோடை மழை கொட்டினால் செய்த வேலை கரைந்து போகும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடலுக்குப் போகிறவர் கதையும் இதேதான். எவ்வளவு கணக்குப் போட்டாலும் மிச்சம் ஒரு பங்கு நம் கையில் இல்லை என்பதை அனுபவமே சொல்லிக் கொடுத்திருக்கும் ஊர்களில், அந்த மிச்சத்தை எங்கேயாவது இறக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போவதற்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அதை மூடத்தனம் என்று பட்டணத்திலிருந்து எழுதுவது சுலபம். பட்டணத்தில் அதே வேலையை ராசிபலனும் பங்குச்சந்தை ஜோசியமும் செய்கின்றன, கூடுதல் கட்டணத்தில்.

இன்னொரு நன்மை, வீட்டுச் சண்டையை அது முடித்து வைக்கும் விதம். அண்ணன் நிலத்தை வாங்கலாம் என்கிறார். தம்பி வேண்டாம் என்கிறார். யார் சொன்னது நடந்தாலும் மற்றவருக்கு முகம் விழும். பூ வந்து சொல்லிவிட்டால் தோற்றவர் என்று யாரும் இல்லை. பின்னால் நட்டம் வந்தாலும் "நீதானே அன்னிக்குச் சொன்னே" என்று விரலை நீட்ட ஆள் கிடைக்காது. கூட்டுக் குடும்பம் நொறுங்காமல் நின்றதில் இந்தப் பொட்டலங்களுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு; அதைக் கவனித்தவர் ஓர் அமெரிக்கச் சமூகவியலாளர். கனடாவின் லாப்ரடார் பகுதியில் நஸ்காப்பி என்ற வேட்டைக் குடியினர், மானின் தோள்பட்டை எலும்பைத் தீயில் வாட்டி, அதில் விழும் விரிசல் காட்டும் திசையில் வேட்டைக்குப் போவார்கள். 1957இல் ஒமர் கய்யாம் மூர் இதைப் பற்றி எழுதும்போது, எலும்பு சொல்வது உண்மையா பொய்யா என்பதை ஒதுக்கிவிட்டு வேறொன்றைக் கேட்டார். சென்ற முறை மான் கிடைத்த இடத்துக்கே மனிதன் திரும்பத் திரும்பப் போவான்; மானும் அதைக் கற்றுக்கொண்டு விலகும். விரிசல் அந்தப் பழக்கத்தை உடைக்கிறது என்பது அவர் வாதம். எலும்புக்கு எந்த ஞானமும் இல்லாவிட்டாலும் வேட்டைக்காரனின் பிடிவாதம் தளர்ந்தது லாபம்தான். இரண்டு வழியும் ஏறக்குறைய சமமாகத் தெரியும்போது, யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதைவிட ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு நடப்பது நல்லது.

"சமமாகத் தெரியும்போது" என்றேன். எல்லாம் அந்த நிபந்தனையில் தொங்குகிறது. நம் மரபின் பழைய உதாரணங்களில் தேர்ந்தவை அதைக் காப்பாற்றியிருக்கின்றன. மதுரையில் சமணரோடு அனல் வாதம். எந்த ஏட்டை நெருப்பில் இடுவது? திருஞானசம்பந்தர் பதிகச் சுவடியில் கயிறு சாத்திப் பார்க்க, திருநள்ளாற்றுப் பதிகம் வந்தது என்பது சைவ மரபு சொல்லும் வரலாறு. தீயில் வேகாமல் இருந்ததால் அதற்குப் பச்சைப் பதிகம் என்ற பேர். இன்றும் சைவக் குடும்பங்களில் திருமுறையில் கயிறு சாத்திப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஆனால் சம்பந்தர் கேட்டது என்ன? மதுரைக்குப் போகலாமா என்று கேட்கவில்லை, வாதத்துக்கு ஒப்புக்கொள்ளலாமா என்றும் கேட்கவில்லை. அவற்றையெல்லாம் அவரே முடிவு செய்துவிட்டார். சுவடியில் இருந்த எல்லாமே அவர் பாடியவை. எது வந்தாலும் அவருக்குச் சம்மதம். கயிறு நுழைந்தது அந்தக் கடைசி இடுக்கில் மட்டும்.

இதையே ஓர் ஊர் ஆட்சியாகச் செய்து காட்டியது உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகளில் குடவோலை முறையின் விதிகள் இருப்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். பாடத்தில் அதிகம் அழுத்திச் சொல்லாத பகுதிதான் எனக்குப் பிடித்தது. குடத்துக்குள் ஓலை போவதற்கு முன்னாலேயே பெரும்பாலான வேலை முடிந்துவிடுகிறது. இரண்டாம் கல்வெட்டின்படி வயது 35க்கு மேல், 70க்குள். சொந்த மனையில் வீடு, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது, அவர் உறவினரும் கூடாது. இத்தனை சல்லடையில் சலித்து மிஞ்சிய பெயர்கள் மட்டுமே ஓலையில் ஏறுகின்றன. பிறகு சபை முழுவதும் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்டி, உள்ளே இருப்பது அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்த ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சந்தேகப்பட்ட அந்தச் சபையை நான் மதிக்கிறேன். தெய்வத்தை நம்பினார்கள்; மத்தியஸ்தரின் விரல்களை நம்பவில்லை.

அதே கல்வெட்டு குறையையும் காட்டுகிறது. நிலம் இல்லாதவர், வேதம் ஓதாதவர், பெண்கள் யாருடைய பெயரும் எந்தக் குடத்துக்குள்ளும் போகவில்லை. எடுத்த சிறுவன் நேர்மையாகத்தான் எடுத்தான். ஊரில் பெரும்பாலோர் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை.

வரன் விஷயத்துக்கு இப்போது வருகிறேன். இந்த வழக்கம் எனக்கு உறுத்துவது அங்கேதான். மாப்பிள்ளை வீட்டார் வந்து போன பிறகு பூப் போட்டுப் பார்க்கும்போது கேள்வி இப்படி அமைகிறது: இந்தப் பையனுக்குக் கொடுக்கலாமா, வேண்டாமா? பொட்டலம் இரண்டு. கேட்பவர் அப்பா, கட்டுவது பூசாரி, எடுப்பது அக்கா மகளின் மூன்று வயதுக் குழந்தை. பெண்ணுக்கு அந்தச் சடங்கில் வேலையே இல்லை. அவளுக்கு மேலே படிக்க ஆசையா, வேறொருவர் மேல் விருப்பமா, இப்போதைக்குக் கல்யாணமே வேண்டாமா? இவற்றுக்குப் பொட்டலம் கட்டப்படவில்லை. பதில் தெரிந்த ஆள் வீட்டுக்குள் இருக்க, கேள்வி மட்டும் கோயிலுக்குப் போய் வருகிறது.

இது புதிய குற்றச்சாட்டு இல்லை. சங்க அகப்பாடல்களின் வெறியாட்டுத் துறை முழுவதும் இதைத்தான் சொல்கிறது. மகள் மெலிகிறாள். தாய் பயந்து கட்டுவிச்சியை அழைத்துக் குறி பார்க்கிறாள்; வேலன் கழங்கு போட்டுப் பார்த்து, இது முருகு அணங்கியது என்கிறான். களம் இழைத்து, ஆடு பலியிட்டு, வெறியாட்டு நடக்கிறது. மலைநாட்டுக்காரன் ஒருவன் மேல் கொண்ட காதல்தான் நோய் என்பது மகளுக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும். தாயும் வேலனும் மட்டுமே அறியாதவர்கள். ஐங்குறுநூற்றில் கபிலர் இதற்கென்றே வெறிப்பத்து என்று பத்துப் பாட்டு ஒதுக்கியிருக்கிறார். தோழியின் கேலி கடவுளை நோக்கியதன்று. முருகனிடம் அவளுக்குக் கோபமே இல்லை. கேட்க வேண்டிய ஆளை விட்டுவிட்டுக் கேட்டதில்தான் அவளுக்குச் சிரிப்பு. இரண்டாயிரம் ஆண்டு ஆகப்போகிறது. அந்தக் கேலிக்கு வீட்டுப் பெரியவர்கள் யாரும் பதில் சொல்லக் காணோம்.

அதே இலக்கியத்தில் விரிச்சி கேட்பதும் இருக்கிறது. முல்லைப்பாட்டில் அதை யாரும் கேலி செய்யவில்லை. தலைவன் போருக்குப் போயிருக்கிறான். முதிய பெண்கள் நெல்லும் முல்லையும் தூவித் தெய்வத்தைத் தொழுதுவிட்டு, காதில் விழும் முதல் சொல்லுக்காகக் காத்து நிற்கிறார்கள். தாய்ப் பசுவைப் பிரிந்து தவிக்கும் கன்றை ஓர் இடைப்பெண் தேற்றுவது கேட்கிறது. நல்ல வாக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே முடிவெடுக்க ஒன்றும் இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும். அதற்குத் தெம்பு தேடினார்கள். கடலுக்குப் போனவன் கரை திரும்பும் வரை வாசலில் நிற்கிற பெண் பல்லி சத்தத்தை நல்ல பக்கம் திருப்பிக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம்? வெறியாட்டுக்கும் விரிச்சிக்கும் இடையே உள்ள தூரம் பெரியது. ஒன்று இன்னொருவர் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. மற்றது தன் மனத்தைத் தாங்கிப் பிடிக்கிறது.

குறி கேட்பதைப் பற்றி நம் வட்டாரத்திலேயே ஆராய்ந்தவர் இசபெல் நபோக்கோவ். பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில், செஞ்சியைச் சுற்றிக் களப்பணி செய்து அவர் எழுதிய ஆங்கில நூல் 2000இல் வந்தது. சாமியாடிகளின் குறியும் பேய் ஓட்டும் சடங்குகளும் ஆளைக் குணப்படுத்துகின்றன என்ற வழக்கமான விளக்கத்தோடு அவர் நிற்கவில்லை. தனி ஆளின் மனத்துக்கு எதிராக நின்று, அவரைக் குடும்பமும் ஊரும் எதிர்பார்க்கும் இடத்துக்கே அவை கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்கிறார். புருஷன் வீட்டில் ஒட்டாத இளம்பெண்ணுக்குப் பேய் பிடித்தது என்று முடிவானால், பேய் போனதற்கு அடையாளம் அவள் திரும்பி அதே வீட்டுக்குப் போவது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அருள் வந்து ஆடும்போது ஒரு பெண் மாமனாரைப் பேர் சொல்லி அதட்ட முடியும். நகையை ஏன் அடகு வைத்தாய், குடிப்பதை எப்போது நிறுத்துவாய் என்று அம்மன் வாயால் கேட்க முடியும். அன்றாடம் வாய் திறக்க முடியாதவளுக்கு ஆடித் திருவிழாவில் ஒரு கால்மணி நேரம் மேடை கிடைக்கிறது. இதைக் கண்ட பிறகு, சாமி வாக்கு எப்போதும் வீட்டு ஆண்களின் வாக்குதான் என்று என்னால் எழுத முடியாது. என் வாதத்துக்கு இது இடையூறுதான். ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம்: அங்கே அவள் பொட்டலத்துக்கு வெளியே நிற்கவில்லை. பேசுவது அவள்.

கேட்பவரின் விருப்பம் பதிலுக்குள் எப்படி நுழைகிறது என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் எப்லியும் குழுவினரும் 2009இல் சோதித்தார்கள். ஒரு விஷயத்தில் கடவுளின் கருத்து என்னவாக இருக்கும் என்று நம்பிக்கையாளர்களைக் கேட்டால், அது அவர்களுடைய சொந்தக் கருத்தோடு ஒட்டியே வந்தது. மற்ற மனிதர்களின் கருத்தை ஊகிக்கும்போது அவ்வளவு ஒட்டவில்லை. சில சோதனைகளில் நம்பிக்கையாளர்களின் சொந்தக் கருத்தை மெல்ல மாற்றிப் பார்த்தார்கள்; கடவுளின் கருத்தும் கூடவே மாறியது. கோயில் மண்டபத்தில் நிற்பவருக்கு இந்த ஆய்வு புதிதாக ஒன்றும் சொல்லாது. சிவப்பு வந்தால் அப்பாவின் முகம் வாடும். "குழந்தை சரியா எடுக்கல, இன்னொரு தரம் போட்டுப் பாத்துடலாம்" என்பார் பெரியப்பா. மூன்றில் இரண்டு என்று விதி அப்போதுதான் பிறக்கும். வெள்ளை முதல் தடவையே வந்திருந்தால் அந்த விதி யாருக்கும் ஞாபகம் வந்திருக்காது.

காங்கேயம் பக்கத்துச் சிவன்மலையில் இந்தச் சந்தேகத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறார்கள். பக்தர் ஒருவர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். அவர் வந்து கோயிலில் சொன்னால் உடனே ஏற்பதில்லை. சாமியிடம் பூக் கேட்டு, உத்தரவானால்தான் அந்தப் பொருளை ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் வைக்கிறார்கள். கனவைச் சரிபார்க்கிற நடைமுறை நன்றாகத்தான் இருக்கிறது. பெட்டிக்குள் வைத்த பிறகுதான் சிக்கல். தண்ணீர் வைத்தார்கள், சுனாமி வந்தது என்று பக்தர்கள் சொல்வார்கள். தண்ணீர் என்றால் வெள்ளம், வறட்சி, புயல், நல்ல மழை, நதிநீர் வழக்கு எது வந்தாலும் பொருந்தும். நடந்து முடிந்த பின் பொருத்திக்கொள்ளும் வாக்கு யாரையும் எதிலிருந்தும் காப்பாற்றியதில்லை.

வானிலை அறிக்கையும் தவறுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஃபெஞ்சல் புயலை நேரில் பார்த்த ஊர்கள் இவை. 2024 நவம்பர் கடைசியில் அது புயலாகுமா, வலுவிழந்து கரையேறுமா என்று அறிவிப்புகள் மாறிக்கொண்டே இருந்தன. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. மரக்காணம் உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய வரை வெள்ளக்காடு. வானிலை மையம் தடுமாறியது உண்மை. ஆனால் எந்த மணிக்கு எந்த அறிவிப்பு வந்தது, எவ்வளவு பிசகியது என்று இன்றும் எடுத்துப் பார்க்கலாம், திட்டலாம், அடுத்த தடவைக்குத் திருத்தச் சொல்லலாம். பத்து வருடத்துக்கு முன் வெள்ளைப் பூ விழுந்து முடிந்த கல்யாணம் இன்று கோர்ட்டில் நிற்கிறது என்றால், அந்தப் பூவை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. "அவ தலையெழுத்து" என்று அவள் பேரிலேயே எழுதிவிடுவார்கள்.

புதுச்சேரியில் தூபாஷியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை கிரகபலனில் அசையாத நம்பிக்கை உள்ளவர். 1736இல் தொடங்கிய அவர் நாட்குறிப்பில் நல்ல வேளை, கெட்ட வேளைக்குக் குறைவே இல்லை. கூடவே எந்தக் கப்பல் வந்தது, எந்தக் கோட்டையில் யார் இருக்கிறார், எந்த வியாபாரி என்ன சொன்னார் என்பதும் அதே கையெழுத்தில் இருக்கிறது. பெருமுக்கல் மலைக்கோட்டையை 1760இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள்; 1761 ஜனவரி 12 அன்று பிள்ளையவர்கள் இறந்தார், நான்கு நாளில் புதுச்சேரி விழுந்தது. கிரகம் அவரையும் ஊரையும் காப்பாற்றவில்லை. ஆனால் கிரகத்தைக் கேட்டதால் தகவல் கேட்பதை அவர் விட்டுவிடவில்லை. நம்பிக்கையுள்ள ஒருவர் புத்தியை அடகு வைக்காமலே வாழ முடியும் என்பதற்கு அந்த நாட்குறிப்பு போதும்.

முடிவைத் தீர்மானிப்பது, மனத்தைத் தாங்கிப் பிடிப்பது என்ற இந்த இரண்டு சாயலும் மற்ற மதங்களிலும் உண்டு. புத்தாண்டு இரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை பெரும்பாலும் விரிச்சியின் தங்கை. யூதாசின் இடத்துக்கு ஆள் எடுத்தபோது அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அங்கேயும் தொடக்கம் முதல் கூட இருந்தவராக இருக்க வேண்டும் என்ற தகுதி வைத்து, இரண்டு பேரை நிறுத்திய பிறகே சீட்டு. என் பார்வையில் மிகவும் பக்குவமானது இஸ்லாமியரின் இஸ்திகாரா. இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, இந்தக் காரியம் எனக்கு நல்லதென்றால் எளிதாக்கு, கெட்டதென்றால் என்னை விட்டு விலக்கு என்று வேண்டுவது. கனவு வர வேண்டும், அடையாளம் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. தெரிந்தவர்களைக் கலந்து பேசு, முடிவெடு, நட என்பதோடு சேர்த்தே அதைச் சொல்கிறார்கள். இன்னாரிடம் கேட்டேன், இப்படிச் சொன்னார் என்று மற்றவர் தலையில் வைக்க அதில் ஒன்றும் கிடைக்காது. நடைமுறையில் அங்கேயும் கனவுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், மனிதர்கள்தானே.

பூப் போடுவதை நிறுத்தச் சொல்லி யாரும் நிறுத்தப்போவதில்லை, நானும் சொல்லவில்லை. நிலமா, போர்வெல்லா, எந்தத் தேதியில் பால் காய்ச்சுவது என்றெல்லாம் தாராளமாகக் கேட்கட்டும். வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்த பிறகு கேட்கட்டும்; ஏஜென்டின் லைசென்ஸை விசாரித்த பிறகு கேட்கட்டும். சான்றிதழில் வில்லங்கம் இருந்தால் வெள்ளைப் பூவாலும் அதை நீக்க முடியாது. வரன் என்றால், பொட்டலம் கட்டும் வேலையைப் பெண்ணிடமே கொடுத்துவிடலாம். எத்தனை பொட்டலம், எதற்கு எந்தப் பூ என்று அவள் சொல்லட்டும். மூன்றாவதாக ஒன்று கட்டப்போகிறேன் என்று அவள் சொன்னால், பூசாரி மறுப்பதற்கு ஆகமத்தில் இடமிருப்பதாகத் தெரியவில்லை. பெரியப்பா மறுப்பார்.